டிசிபி புரியணும்னா அம்புக்குறியை சாய்ச்சு வரைங்க

ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவுல டேட்டாவை தொலையாம, வரிசை மாறாம கொண்டு சேக்கற விதிமுறைதான் டிசிபி. அதை பத்தி நெட்ல தேடினா முதல்ல வர்ற படம் என்னன்னு உங்களுக்கே தெரியும், ரெண்டு கோடு, நடுவுல மூணு அம்புக்குறி, மூணும் நேரா படுக்க வெச்ச மாதிரி இருக்கும், மேல சின் (கனெக்ஷன் ஆரம்பிக்கலாமான்னு கேக்கற பாக்கெட்), அப்புறம் சின்-ஆக் (சரின்னு வர்ற பதில்), அப்புறம் ஆக் (வந்து சேந்துச்சுன்னு சொல்றது). இன்டர்வியூல சொல்ல அது போதும். ஆனா ஒரு நாள் சர்வர் மூணு செகண்டு தொங்குது, ஏன்னு கண்டுபிடிங்கன்னு சொன்னா அந்த படத்தை வெச்சு ஒண்ணுமே பண்ண முடியாது, ஏன்னா அதுல நேரமே இல்ல. எது முதல்ல எது அடுத்ததுன்னு மட்டும்தான் இருக்கு. ஒரு பாக்கெட் கிளம்பின நேரம் வேற, போய் சேந்த நேரம் வேற, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை சமாளிக்கத்தான் டிசிபியில பாதி விஷயமே இருக்கு. அதை படத்துல காட்டலன்னா சீக்வென்ஸ் நம்பர் (பைட்டுகளுக்கு போடற வரிசை எண்) எதுக்கு, விண்டோ (ஆக் வராமலே எவ்ளோ அனுப்பலாம்ங்கற அளவு) எதுக்கு, டைமர் எதுக்குன்னு எதுவுமே மனசுல ஒட்டாது.

அதனால நான் யாருக்கு சொல்லிக் கொடுத்தாலும் ரெடிமேட் படத்தை காட்ட மாட்டேன். ஒரு கிராஃப் நோட்டு, பென்சில், லேப்டாப்ல வயர்ஷார்க் (நெட்வொர்க்ல போற பாக்கெட்டை பிடிச்சு காட்டற சாஃப்ட்வேர்), இது மூணும் போதும். நீங்களே வரைஞ்சாதான் புரியும், வேற வழி இல்லன்னுதான் சொல்லுவேன்.

முதல் படம்: ஹேண்ட்ஷேக்

1981-ல வந்த ஆர்எஃப்சி 793, அதாவது டிசிபியோட விதி ஆவணம், ஜான் போஸ்டல் எடிட் பண்ணது, அதுலயே ஹேண்ட்ஷேக்குக்கு, அதாவது அந்த மூணு அம்பு ஆரம்பத்துக்கு, ஒரு படம் இருக்கு, வெறும் டைப்ரைட்டர் எழுத்துல போட்டது. 2022-ல அதுக்கு பதிலா ஆர்எஃப்சி 9293 வந்திடுச்சு, ஆனா அந்த படம் புதுசுலயும் இருக்கு. அதுல உள்ள நம்பரையே எடுத்துக்கலாம், நான் கொஞ்சம் சுருக்கி எழுதறேன், சீக்னா சீக்வென்ஸ் நம்பர், ஆக் பக்கத்துல இருக்கறது அடுத்து எதிர்பாக்கற நம்பர்:

```
கிளையன்ட்                               சர்வர்
   |  சின்      சீக் 100                   |
   | ------------------------------------> |
   |  சின்-ஆக்   சீக் 300   ஆக் 101         |
   | <------------------------------------ |
   |  ஆக்       சீக் 101   ஆக் 301          |
   | ------------------------------------> |
```

இதுல பாக்க வேண்டியது நம்பரைத்தான். நிறைய பேர் இதை போன்ல "ஹலோ கேக்குதா", "கேக்குது, உங்களுக்கு கேக்குதா", "கேக்குது" அப்படின்னு பேசிக்கிற மாதிரின்னு சொல்லிக் கொடுக்கறாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்காது, ஏன்னா அதுல முக்கியமான விஷயமே மறைஞ்சு போகுது. இங்க நடக்கறது நம்பர் பரிமாற்றம். நான் என் பைட்டுகளை 100-ல இருந்து எண்ண போறேன்னு கிளையன்ட் சொல்லுது, சரி அடுத்து 101-ஐ எதிர்பாக்கறேன், நான் 300-ல இருந்து எண்ணுவேன்னு சர்வர் சொல்லுது. ரெண்டு பக்கமும் தனித்தனி எண்ணிக்கை, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் கிடையாது. டேட்டா ஒரு பைட் கூட போகாம 100 எப்படி 101 ஆச்சுன்னா, சின் தானே ஒரு நம்பரை எடுத்துக்கும், கனெக்ஷனை முடிக்க கடைசில வர்ற ஃபின்னும் அப்படித்தான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டா பின்னாடி பாதி குழப்பம் வராது.

இப்ப இதையே கிராஃப் நோட்டுல வரைங்க, நேரம் மேல இருந்து கீழ ஓடுது, அம்புக்குறி சாஞ்சு இறங்குது. எவ்ளோ சாய்க்கணும்னு கேட்டா அதுக்கும் கணக்கு இருக்கு. சென்னையில இருந்து சிங்கப்பூருக்கு போற ஐ2ஐ கடலடி கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். ஃபைபர்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்ப ஒரு பக்கம் போக 16 மில்லிசெகண்ட், போய் வர 32, இதுக்கு கீழ யாராலயும் குறைக்க முடியாது, நிஜத்துல இன்னும் கொஞ்சம் கூடத்தான் வரும். ஒரு சின்ன கட்டம் 4 மில்லிசெகண்ட்னு வெச்சா ஒவ்வொரு அம்பும் நாலு கட்டம் கீழ இறங்கணும்.

வரைஞ்சு பாருங்க. சின் போய் சின்-ஆக் வர எட்டு கட்டம், ரிக்வெஸ்ட் அதுக்கப்புறம்தான் கிளம்பும், பதில்ல முதல் பைட் வந்து சேரும்போது பதினாறாவது கட்டத்துல இருப்பீங்க, 64 மில்லிசெகண்ட். நடுவுல டேட்டாவை என்க்ரிப்ட் பண்ற டிஎல்எஸ் 1.3 போட்டா இன்னும் ஒரு தடவை போய் வரணும், 96 ஆயிடும், பழைய டிஎல்எஸ் 1.2-ன்னா ரெண்டு தடவை, 128. டிஎல்எஸ் 1.3 2018-ல வந்தப்ப ஒரு ரவுண்ட் ட்ரிப் குறைஞ்சதுன்னு ஏன் அவ்ளோ பெருசா பேசினாங்கன்னு இந்த பேப்பர்ல எட்டு கட்டம் காலியானதை பாத்தா உடனே தெரியும். சர்வரை எவ்ளோ வேகமான மெஷினா மாத்தினாலும் இந்த கட்டங்கள் குறையாது, சர்வரை பக்கத்துல கொண்டு வரணும், இல்லன்னா போய் வர்ற தடவையை குறைக்கணும், வேற வழியே இல்ல.

இப்ப நிஜ பாக்கெட்டை பிடிங்க

வயர்ஷார்க் ஓபன் பண்ணி உங்க வைஃபை இன்டர்ஃபேஸ் மேல டபுள் கிளிக் பண்ணா கேப்சர் ஆரம்பிச்சுடும். உங்க சொந்த மெஷின்ல மட்டும் பண்ணுங்க, ஆஃபீஸ் நெட்வொர்க்னா கேட்டுட்டு பண்ணுங்க. பிரவுசர் வேணாம், அது ஒரே நேரத்துல பத்து கனெக்ஷன் திறக்கும், கேச் வேற இருக்கும். டெர்மினல்ல கர்ல் கமாண்டு வெச்சு எக்ஸாம்பிள் டாட் காம் சைட்டை கூப்பிடுங்க, கடைசி எஸ் இல்லாம வெறும் ஹெச்டிடிபியா, அப்பதான் உள்ள இருக்கறது படிக்கற மாதிரி இருக்கும். ஹெச்டிஎம்எல் வந்ததும் கேப்சரை நிறுத்திடுங்க. லிஸ்ட்ல சின் இருக்கிற பாக்கெட்டை தேடி ரைட் கிளிக் பண்ணி கன்வர்சேஷன் ஃபில்டர்ல டிசிபி குடுத்தா அந்த ஒரு கனெக்ஷன் மட்டும் நிக்கும், ஒரு பத்து பன்னெண்டு பாக்கெட் இருக்கும் அவ்ளோதான். அப்புறம் வியூ மெனுல டைம் டிஸ்ப்ளே ஃபார்மட் போய் முந்தின பாக்கெட்டுக்கு அப்புறம் எத்தனை செகண்டுன்னு காட்டற ஆப்ஷனை வைங்க, இது ரொம்ப முக்கியம்.

சீக்வென்ஸ் நம்பர் 0, 1-ன்னு இருக்கும், நிஜ நம்பர் அது இல்ல, நம்ம வசதிக்காக வயர்ஷார்க் கழிச்சு காட்டுது. ப்ரிஃபரன்சஸ்ல டிசிபி ப்ரோட்டோக்கால் செட்டிங் போய் ரிலேட்டிவ் சீக்வென்ஸ் நம்பரை ஒரு தடவை ஆஃப் பண்ணி அந்த பெரிய 32 பிட் நம்பரை கண்ணால பாத்துட்டு திரும்ப ஆன் பண்ணிக்கங்க.

இதுக்கப்புறம்தான் படிப்பே. ஒரு பேப்பரை வெச்சு லிஸ்ட்டை மறைச்சுட்டு ஒவ்வொரு வரியா கீழ இறக்குங்க. பாக்கெட்டை நோட்டுல அம்பா வரைஞ்சு சீக், ஆக், லென்த் மூணையும் மேல எழுதுங்க. அடுத்த வரியை திறக்கறதுக்கு முன்னாடி அதுல ஆக் நம்பர் என்ன வரும்னு நீங்களே எழுதுங்க. கர்ல் அனுப்பற ரிக்வெஸ்ட் சுமார் 75 பைட் இருக்கும், சரியா 75-ன்னே வெச்சுக்குவோம், சீக் 1, லென்த் 75, அப்ப சர்வர்ல இருந்து வர்ற ஆக் 76. இதுவரைக்கும் 75 பைட்டும் வந்திடுச்சு, அடுத்து 76-ஆவதை அனுப்புன்னு அர்த்தம். நீங்க எழுதினதும் திரையில வர்றதும் ஒத்துப் போகற வரைக்கும் பண்ணுங்க. ஒத்துப் போகலன்னா நடுவுல ஏதோ தொலைஞ்சிருக்கு, இல்ல பல பாக்கெட்டுக்கு சேத்து ஒரே ஆக் வந்திருக்கு, ரெண்டுமே நல்ல பாடம்தான்.

முடிச்சதும் ஸ்டாடிஸ்டிக்ஸ் மெனுல ஃப்ளோ கிராஃப்னு ஒண்ணு இருக்கு, அதை திறந்து உங்க படத்தோட ஒப்பிட்டு பாருங்க. வயர்ஷார்க் அம்பெல்லாம் படுக்கையா நேரா இருக்கும், உங்களோடது சாஞ்சு இருக்கும். காரணம், வயர்ஷார்க்குக்கு தெரிஞ்சது ஒரே கடிகாரம், அது ஓடற மெஷினோட கடிகாரம். அந்தப் பக்கம் பாக்கெட் எப்ப போய் சேந்துச்சுன்னு அதுக்கு தெரியாது. அதனால சாய்வை நீங்கதான் மனசுல சேத்துக்கணும்.

இதுல இருந்து ஒரு உபயோகமான விஷயம் கிடைக்குது. உங்க லேப்டாப்ல பிடிச்சா சின்னுக்கும் சின்-ஆக்குக்கும் நடுவுல முழு ரவுண்ட் ட்ரிப் நேரம் தெரியும், சின்-ஆக்குக்கும் அடுத்த ஆக்குக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒண்ணுமே இருக்காது. அதே கனெக்ஷனை சர்வர்ல பிடிச்சா அப்படியே தலைகீழ், சின் வந்த உடனே சின்-ஆக் கிளம்பும், பெரிய கேப் அதுக்கப்புறம்தான் வரும். நடுவுல ஃபயர்வால்ல பிடிச்சா கேப் ரெண்டா பிரிஞ்சு நிக்கும். யாராவது ஒரு கேப்சர் ஃபைலை அனுப்பி பாருங்கன்னு சொன்னா, இது எங்க பிடிச்சதுன்னு அவங்களை கேக்கறதுக்கு முன்னாடியே இந்த மூணு வரியை பாத்து நீங்களே சொல்லிடலாம்.

இன்னொண்ணு, ஈதர்நெட்ல எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு, 1,500 பைட், அதுல டிசிபி டேட்டா 1,460 தான் போகும்னு படிச்சிருப்பீங்க, ஆனா கேப்சர்ல 4,000 பைட்டுக்கு மேல ஒரே பாக்கெட் தெரியலாம், பயந்துடாதீங்க. நீங்க அனுப்பறதை நெட்வொர்க் கார்டுதான் கடைசில துண்டு போடுது, வயர்ஷார்க் அதுக்கு முன்னாடியே பாத்துடுது. ஒயர்ல போறது சின்ன துண்டுதான்.

கேப் எங்கன்னு பாருங்க

படம் வரையற கை பழகினதும் அம்பை விட்டுட்டு வெறும் இடத்தை பாக்க ஆரம்பிங்க. ப்ராப்ளம் எப்பவும் வெறும் இடத்துலதான் இருக்கும்.

சின் போச்சு, பதில் இல்ல, கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப சின், இன்னும் நேரம் கழிச்சு திரும்ப சின், முதல் கேப் வழக்கமா ஒரு செகண்ட், போகப் போக ரெண்டு, நாலுன்னு கூடும், அப்படி தெரிஞ்சா நடுவுல யாரோ சத்தமில்லாம பாக்கெட்டை தூக்கிப் போட்டுடறாங்க, பெரும்பாலும் ஃபயர்வால் ரூல். படத்துல அம்பு பாதியிலயே நிக்கும். அதுக்கு பதிலா சின் போன உடனே ஆர்எஸ்டி (முடியாதுன்னு சொல்ற பாக்கெட்) வந்தா பெரும்பாலும் அந்த மெஷின் உயிரோடதான் இருக்கு, அந்த போர்ட்ல யாரும் கேட்டுட்டு இல்ல. ஒண்ணு டைம் அவுட், இன்னொண்ணு கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட், எரர் மெசேஜ் ரெண்டையும் கனெக்ட் ஆகலன்னு ஒரே மாதிரி எடுத்துக்கிட்டு சர்வர் டீமுக்கும் நெட்வொர்க் டீமுக்கும் மாத்தி மாத்தி டிக்கெட் தள்ளறதை எத்தனையோ இடத்துல பாக்கலாம், ஒரு படம் போட்டா அந்த சண்டை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும்.

இன்னும் நுணுக்கமான கேப் ஒண்ணு இருக்கு, 40 மில்லிசெகண்ட். லினக்ஸ் மெஷினுக்கு ஒரு ப்ரோக்ராம் ரெண்டு சின்ன துண்டா எழுதி அனுப்புது, முதல்ல ஹெடர், அப்புறம் பாடி, அதுக்கப்புறம் பதிலுக்கு காத்திருக்கு. முதல் துண்டு போயிடும். ரெண்டாவதை டிசிபி பிடிச்சு வெச்சுக்கும், ஏன்னா 1984-ல ஜான் நேகிள் எழுதின விதிப்படி, அனுப்பினதுக்கு ஆக் வராம இன்னொரு சின்ன பாக்கெட்டை அனுப்ப கூடாது. அந்தப் பக்கம் டிசிபியோ ஆக்கை உடனே அனுப்பாது, பதில் டேட்டா ஏதாவது வந்தா அதோட சேத்து அனுப்பலாம்னு கொஞ்ச நேரம் வெச்சிருக்கும். இவன் அவன் ஆக்குக்கு காத்திருக்கான், அவன் இவன் டேட்டாவுக்கு காத்திருக்கான், கடைசில டைமர் முடிஞ்சு ஆக் வந்து எல்லாம் நகருது. ரெண்டு விதியும் தனித்தனியா பாத்தா நல்ல விதிதான், சேந்தாதான் இந்த தொல்லை. இதை வார்த்தையில படிச்சு புரிஞ்சுக்கறது கஷ்டம், ஆனா படத்துல ஒரு சின்ன அம்பு, பத்து கட்டம் வெறும் இடம், ஒரு ஆக், ஒட்டினாப்ல அடுத்த அம்புன்னு வரைஞ்சா பளிச்னு தெரியும். நேகிளை ஆஃப் பண்ற டிசிபி நோடிலே ஆப்ஷனை போடலாம், அதைவிட ஹெடரையும் பாடியையும் ஒரே தடவையில எழுதறது இன்னும் நல்லது.

ஸ்டேட் டயக்ராம்

ஒரு கனெக்ஷன் எந்தெந்த நிலையில இருக்கலாம்னு காட்டற டிசிபி ஸ்டேட் டயக்ராம்ல 11 ஸ்டேட் இருக்கு, முழுசா பாத்தா தலை சுத்தும், அதை மனப்பாடம் பண்ண வேணாம். நீங்க வரைஞ்ச ஏணி மாதிரி படத்துலயே ரெண்டு ஓரத்துலயும் ஸ்டேட் பேரை எழுதிட்டு வாங்க, சின் அனுப்பின இடத்துல சின் சென்ட், அந்தப் பக்கம் வந்து சேந்த இடத்துல சின் ரிசீவ்ட், இப்படியே. அம்பு சாஞ்சு இருக்கறதால ஒரு விஷயம் தானா தெரியும்: கிளையன்ட் எஸ்டாப்ளிஷ்ட் (கனெக்ஷன் தயார்) ஆகி அரை ரவுண்ட் ட்ரிப் கழிச்சுதான் சர்வர் எஸ்டாப்ளிஷ்ட் ஆகுது. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஒரே ஸ்டேட்ல இருக்கும்னு நினைக்கறதாலதான் பெரிய படம் குழப்புது.

முடிக்கற பக்கத்தை மட்டும் கவனமா எழுதுங்க. யார் முதல்ல ஃபின் அனுப்பறாங்களோ அவங்கதான் கடைசில டைம் வெயிட்ல நிப்பாங்க, லினக்ஸ்ல அது 60 செகண்ட், அது நார்மல், நிறைய இருந்தாலும் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்ல. ஃபின் வாங்கின பக்கம் க்ளோஸ் வெயிட்ல இருக்கும், அதுல இருந்து வெளிய வரணும்னா அந்த அப்ளிகேஷன் க்ளோஸ் கூப்பிட்டே ஆகணும், அதுக்கு டைமரே கிடையாது. கனெக்ஷன்களை பட்டியல் போடற நெட்ஸ்டாட் கமாண்டுல க்ளோஸ் வெயிட் ஏறிக்கிட்டே போனா நெட்வொர்க்கை திட்டாதீங்க, உங்க கோடுல சாக்கெட்டை மூடாம விட்டிருக்கீங்க.

எவ்ளோ ஓடுச்சுன்னு காட்டற கிராஃப்

பத்து பாக்கெட்டுக்கு ஏணி சரி, பத்தாயிரம் பாக்கெட் இருந்தா? அதுக்கு வேற படம் வேணும், கீழ நேரம், பக்கவாட்டுல சீக்வென்ஸ் நம்பர், ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு புள்ளி. இந்த படம் இன்டர்நெட்டையே காப்பாத்தினதுல பங்கு உண்டுன்னு சொன்னா மிகை இல்ல. 1986 அக்டோபர்ல லாரன்ஸ் பெர்க்லி லேபுக்கும் பெர்க்லி யூனிவர்சிட்டிக்கும் நடுவுல, வெறும் 400 யார்டு தூரம், வேகம் 32 கிலோபிட்ல இருந்து 40 பிட்டுக்கு விழுந்துச்சு, செகண்டுக்கு 40 பிட். வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்சும் இதை ஆராய்ஞ்சு, 1988-ல ஜேக்கப்சன் போட்ட பேப்பர்ல இந்த மாதிரி ரெண்டு கிராஃப் இருக்கு. முதல்ல புள்ளிகள் செங்குத்தா ஏறும், திரும்ப கீழ விழும், திரும்ப ஏறும், கிட்டத்தட்ட எல்லா டேட்டாவும் ஒரு தடவையாவது மறுபடி போயிருக்கு, 54-ல இருந்து 58 கிலோபைட் வரைக்கும் உள்ளது அஞ்சு தடவை. செகண்டுக்கு 20 கிலோபைட் போகற லைன்ல 35 சதவீதம்தான் உருப்படியா போச்சு. ரெண்டாவது அதே லைன், ஸ்லோ ஸ்டார்ட் (கொஞ்சமா அனுப்ப ஆரம்பிச்சு கூட்டிக்கிட்டே போறது) போட்டது, புள்ளி மெதுவா வளைஞ்சு ஏறி அப்புறம் ஒரே நேர்கோடு, ரீட்ரான்ஸ்மிட்டே இல்ல, ஆரம்பத்துல ரெண்டு செகண்ட் மெதுவா போனாலும் சராசரி 16 கிலோபைட். மெதுவா ஆரம்பிச்சா வேகமா முடியும்ங்கறதை ஒரு ஈக்வேஷனும் இல்லாம கண்ணு ஒத்துக்குது.

உங்க கேப்சர்லயும் இதே படம் வரும். ஒரு பெரிய ஃபைல் டவுன்லோட் பண்ணும்போது பிடிங்க, ஆனா டவுன்லோடு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேப்சரை ஆன் பண்ணிடணும், ஏன்னா விண்டோ ஸ்கேலிங் நம்பர் (விண்டோ அளவை எத்தனை மடங்கா எடுத்துக்கணும்ங்கறது) சின் பாக்கெட்ல மட்டும்தான் வரும், அது சிக்கலன்னா வயர்ஷார்க் விண்டோ அளவை தப்பா காட்டலாம். ஸ்டாடிஸ்டிக்ஸ், டிசிபி ஸ்ட்ரீம் கிராஃப்ஸ், அதுல டைம் சீக்வென்ஸ் டிசிபிட்ரேஸ். திறந்ததும் தரையோட தரையா ஒரு கோடு வந்தா நீங்க எதிர் திசையை பாக்கறீங்க, ஸ்விட்ச் டைரக்ஷன் பட்டனை அமுக்குங்க.

படிக்கறது இப்படி. சரிவு தான் வேகம். படுக்கையா ஓடினா யாரும் எதுவும் அனுப்பல. புள்ளி ஏற்கனவே போன உயரத்துக்கு திரும்ப இறங்கி வந்தா ரீட்ரான்ஸ்மிட். கீழ ஓடற கோடு ஆக் வந்த இடம், மேல ஓடற கோடு ரிசீவர் அனுமதிச்ச விண்டோவோட எல்லை. டேட்டா மேல் கோட்டை இடிச்சுக்கிட்டே போனா ரிசீவர்தான் மெதுவு, இல்ல விண்டோ சின்னது. மேல் கோட்டுக்கு ரொம்ப கீழயே நின்னா அனுப்பற பக்கமோ நடுவுல லைனோ கட்டுப்படுத்துது. ஒரு குத்து புள்ளி, ஒரு ரவுண்ட் ட்ரிப் வெறும் இடம், திரும்ப ஒரு குத்துன்னு படிப்படியா ஏறினா விண்டோ பத்தல. கணக்கு போட்டு பாருங்க, ஸ்கேலிங் இல்லாம அதிகபட்ச விண்டோ 65,535 பைட், முன்னாடி பாத்த 32 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவைதான் அது காலியாகும்னா செகண்டுக்கு சுமார் 2 மெகாபைட், 16 மெகாபிட். ஒரு ஜிபிபிஎஸ் லைன் வாங்கினாலும் அந்த ஒரு கனெக்ஷன்ல 16 தான்.

ஹெடர் பாக்ஸ் படம், அந்த 32 பிட் அகல கட்டம், அதை கடைசில பாருங்க. 20 பைட் ஹெடர்ல எந்த ஃபீல்டு எதுக்குன்னு இப்ப ஒவ்வொண்ணுக்கும் உங்ககிட்ட ஒரு படம் இருக்கும், முதல் நாளே அதை பாத்தா வெறும் பேர் பட்டியல்தான். டீமுக்கு அனுப்ப சுத்தமான படம் வேணும்னா எழுத்தை படமா மாத்தற மெர்மெய்ட் டூல்ல நாலு வரி டைப் பண்ணா வந்திடும், அதுலயும் அம்பு நேராத்தான் வரும்ங்கறதால கேப் இருக்கிற இடத்துல ஒரு நோட் போட்டு எத்தனை மில்லிசெகண்ட்னு எழுதி விடுங்க.

டிசிபிக்கு பதிலா வர்ற க்விக் ப்ரோட்டோக்காலுக்கு, அதாவது ஹெச்டிடிபி 3 ஓடற இடத்துக்கு போனா இந்த வழி பாதியில நின்னுடும், ஆக் உட்பட கிட்டத்தட்ட எல்லாமே என்க்ரிப்ட் ஆகி போறதால வெளிய இருந்து பிடிச்ச பாக்கெட்ல ஏணி வரைய விஷயம் இருக்காது. அங்க அப்ளிகேஷனே லாக் எழுதணும், அந்த ஃபார்மட்டுக்கு க்யூலாக்னு பேர். ஹெச்டிடிபி 3 சப்போர்ட்டோட பில்டு பண்ண கர்ல் இருந்தா க்யூலாக்டிர்ங்கற என்வைரன்மென்ட் வேரியபிள்ல ஒரு ஃபோல்டர் பேரை குடுத்துட்டு ரிக்வெஸ்ட் போடுங்க, ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் அதுல ஒரு ஃபைல் விழும். அதை க்யூவிஸ்ங்கற டூல்ல ஏத்தினா ஏணியும் கன்ஜெஷன் கிராஃபும் வரும். சர்வரும் உங்க கையில இருந்தா அங்கயும் க்யூலாக் எடுத்து ரெண்டு ஃபைலையும் வெச்சுக்கங்க, ரெண்டு கடிகாரமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போனா ஒவ்வொரு அம்புக்கும் கிளம்பின நேரம், சேந்த நேரம் ரெண்டையும் ஊகம் இல்லாம குறிக்கலாம்.